ஹியூமர்: சொல் விளக்கம்

ஆங்கிலம் படிக்கும் சீனர்களுக்கு ‘ஹியூமர்’ புதுச் சொல்லே இல்லை. அவர்கள் மொழியில் ‘யூமோ’ என்று அன்றாடம் புழங்குவதும் அதுதான். அப்படிப் பழகிய சொல்லாக இருப்பதாலேயே சில இடங்களில் தடுக்கி விடுகிறது.

லத்தீனில் இதற்கு ஈரம், நீர்மம் என்று பொருள். இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று உடலில் நான்கு நீர்கள் ஓடுவதாகவும், எது மிஞ்சுகிறதோ அதன்படி ஒருவரின் குணம் அமைவதாகவும் பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். நீரைக் குறித்த சொல் இப்படிக் குணத்தைக் குறித்தது, பிறகு மனநிலையை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் விசித்திரக் குணமுள்ளவர்களை ஆங்கில நாடகமேடை கேலி செய்யத் தொடங்கியது. சொல்லோடு சிரிப்பு ஒட்டிக்கொண்டது அதன் பிறகுதான். பித்தம் என்ற உடல்நீரிலிருந்து பித்து, பித்தன் என்று மனத்துக்குப் போன நமக்கு இந்தப் பாதை நன்றாகவே விளங்கும்.

சீனத்துக்கு இதைக் கொண்டுபோனவர் எழுத்தாளர் லின் யூடாங். 1924இல் பெய்ஜிங் நாளிதழ் ஒன்றின் இலக்கிய இணைப்பில் ‘யூமோ’ என்று எழுதினார். ஒலிக்காக அவர் எடுத்த இரண்டு எழுத்துகளில் ‘யூ’ என்பது ஒதுங்கிய, ஆழ்ந்த அமைதி. ‘மோ’ என்பது மௌனம். சிரிப்புக்கு இப்படி ஒரு பெயரா என்று தோன்றும். ஆனால் கோமாளித்தனம் கலந்த பேச்சுக்கு ‘ஹுவாஜி’ என்ற பழஞ்சொல் ஏற்கெனவே இருந்தது. யாரையும் குத்தாத, உள்ளுக்குள் மலரும் சிரிப்பைத்தான் லின் தேடினார். அதற்காக 1932இல் ஷாங்காயில் ‘லுன்யூ’ என்ற இதழையே தொடங்கினார். எனக்கு இது ஒலிபெயர்ப்பாக மட்டும் தெரியவில்லை, அருமையான சொல்லாக்கம்.

சரி, தடுக்குவது எங்கே? ‘அவுட் ஆஃப் ஹியூமர்’ என்றால் ஒருவருக்கு நகைச்சுவை உணர்வு போய்விட்டது என்று பொருளல்ல; மனம் சரியில்லாமல் சிடுசிடுவென்று இருக்கிறார், அவ்வளவுதான். பழைய மனநிலைப் பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அடம்பிடிக்கும் தாத்தாவைப் பற்றி ‘ஜஸ்ட் ஹியூமர் ஹிம்’ என்று வீட்டில் சொன்னால், அவரைச் சிரிக்க வை என்பதல்ல, அவர் போக்குக்கே விடு என்பது. ‘யூமோ’ மட்டும் தெரிந்தவர் அங்கே போய் ஜோக் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார்.

தமிழிலும் ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் போட முடியாது. சிரிப்பைக் குறிக்கும்போது நகைச்சுவை என்பதே சரி. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், நகையைத்தான் முதலில் வைக்கிறது; எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அது பிறக்கும் இடங்களையும் சொல்கிறது. ‘சென்ஸ் ஆஃப் ஹியூமர்’ நகைச்சுவை உணர்வு. ‘குட் ஹியூமர்டு’ என்பதற்குச் சிரித்த முகம், இன்முகம் பொருந்தும். ‘ஹியூமர் ஹிம்’ என்பதற்கோ வீட்டுப் பேச்சிலேயே கச்சிதமான சொல் இருக்கிறது: விட்டுப்பிடி.