"இந்த வயசுல ஏறாது" என்று பதிவேட்டை மூடாதீர்கள்

பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவதும், அப்படி நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. வகுப்பிலிருந்து பாதியில் நின்றவரின் பெயருக்கு எதிரே காரணம் எழுதும் வழக்கம் பல மையங்களில் உண்டு. அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் திரும்பத் திரும்ப இரண்டு காரணம்தான் கண்ணில் படும்: "ஆர்வமில்லை", "வயது அதிகம்". அண்மையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாவின் பெயருக்கு எதிரே "கற்கும் திறன் குறைவு" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

அவர் கடைசியாக வந்த வகுப்பில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கொடுத்த தாளைக் கையை முழுதாக நீட்டிப் பிடித்தார். தலையைப் பின்னுக்கு இழுத்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "கவனமா பாருங்கம்மா" என்றார் ஆசிரியர். பக்கத்தில் இருந்தவர் தாளைத் திருப்பியதும் இவரும் திருப்பினார், அவ்வளவுதான். அவருக்கு இருந்தது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் கொஞ்சம் முன்பின்னாக வருவது. வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் சொன்னேன். அந்த அம்மாவுக்குத் தகவல் போவதற்குள் அவர் நின்றுவிட்டார், பதிவேட்டிலும் குறிப்பு ஏறிவிட்டது. ஒரு வாசிப்புக் கண்ணாடியும் கொஞ்சம் பெரிய எழுத்தும் போதுமாயிருந்த இடத்தில், ஒருவருக்குத் திறனே இல்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

இந்த "வயசாயிடுச்சு, இனி மண்டையில் ஏறாது" என்ற பேச்சைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வீட்டில் பிள்ளைகள் சொல்கிறார்கள், மேலதிகாரி சொல்கிறார், ஆசிரியரே சொல்கிறார். கடைசியில் கற்க வந்தவரும் அதையே நம்பிக்கொண்டு வந்து உட்காருகிறார்.

இது பொய் என்று தெரிந்து ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது. பெரியவர்களின் கற்றலை அளந்து பார்த்த உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், 45 வயதுக்கு உட்பட்ட எவரும் வயதாகிவிட்டது என்ற பயத்தில் எதையும் கற்காமல் இருக்க வேண்டியதில்லை என்று 1928இலேயே எழுதிவிட்டார். 45 என்ற அந்த எல்லையும் பின்னால் வந்த ஆய்வுகளில் தளர்ந்துபோனது. உளவியலாளர்கள் ரேமண்ட் கேட்டல், ஜான் ஹார்ன் இருவரும் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத புதிய சிக்கலைச் சட்டென்று பிடித்து மனதில் வைத்துச் சமாளிப்பது ஒன்று. வாழ்ந்தும் உழைத்தும் சேர்த்த சொல்வளமும் அனுபவ அறிவும் இன்னொன்று. முதலாவது இளம் வயதுக்குப் பிறகு மெல்லக் குறைகிறது. இரண்டாவது பல பத்தாண்டுகளுக்கு வளர்ந்துகொண்டே போகிறது. இன்னொரு உளவியலாளர் வார்னர் ஷாய் 1956இல் சியாட்டிலில் தொடங்கிய நீண்ட ஆய்வு, அதே மனிதர்களை ஏழு வருடத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்த்தது. அறுபது வரைக்கும் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லும்படியான சரிவு தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருந்தது.

எழுத்தறிவுக்கு நேரடியாகவே சான்று இருக்கிறது. 2010இல் மூளை ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் மூன்று தரப்பினரின் மூளையை ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். படிக்கவே தெரியாதவர்கள், சிறு வயதில் பள்ளியில் கற்றவர்கள், பெரியவர்களான பிறகு கற்றவர்கள். படிப்பு மூளையில் உண்டாக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை, வயதான பிறகு கற்றவர்களிடமும் தெரிந்தன.

வேகம் குறையும், அது உண்மை. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் வேகம் குறைந்தவருக்குத் தேவை கூடுதல் நேரம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடத் தேர்வு வைத்துவிட்டு "பாருங்கள், இவருக்கு வரவில்லை" என்றால், நீங்கள் அளந்தது வேகத்தை. அவர் கற்றாரா என்று நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

அடுத்த எரிச்சல், எல்லோரையும் "பெரியவர்கள்" என்று ஒரே பெயரில் கூட்டி உட்கார வைப்பது. ஒரு வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பல வருடம் கம்பி இழுத்து வேலை செய்துவிட்டு, உரிமத் தேர்வுக்காக வந்திருக்கும் எலக்ட்ரீஷியன். வேறு நாட்டில் பட்டம் வாங்கிவிட்டு, குடியேறிய இடத்தின் மொழியைக் கற்க வந்தவர். பேரனின் பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைத் தானே வாசிக்க ஆசைப்படும் பாட்டி. சிறு வயதில் "மக்கு" என்று பெயர் வாங்கிப் பள்ளியை விட்டு ஓடிய இளைஞன். அவனுக்கு டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் (அறிவில் குறை இல்லாமலே எழுத்தை வாசிப்பது மட்டும் கடினமாகும் நிலை), இன்றுவரை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இவர்கள் நான்கு பேருக்கும் ஒரே பாடத்தாள், ஒரே வேகம்.

இதில் மிக மோசமான விளைவு எங்கே வருகிறது என்றால், பட்டதாரியையும் பாட்டியையும் "இருவருமே ஆரம்ப நிலை" என்று சேர்த்து வைக்கும்போது. பட்டதாரிக்குத் தெரியாதது இந்த ஒரு மொழியும் அதன் எழுத்தும்தான். கோடுகள் ஒலியைக் குறிக்கின்றன, சொல்லைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு எப்போதோ பழகிப்போனது. பாட்டிக்கு அதுவே புதிது. 1979இல் உளவியலாளர் ஜோசே மொராயிஸ் குழுவினர் போர்ச்சுகலில் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிவிட்டு மீதியைச் சொல்லுங்கள் என்றபோது, படிக்கத் தெரியாத பெரியவர்கள் திணறினார்கள். அதே சூழலில் வளர்ந்து, வயதான பிறகு படிக்கக் கற்றவர்களால் அது முடிந்தது. ஒலியைப் பிரித்துக் கேட்பதே எழுத்தோடு சேர்ந்து வருகிற திறன். அதைப் பாட்டியிடம் முன்கூட்டியே எதிர்பார்த்துவிட்டு "புரியவில்லை" என்று எழுதுவது அநியாயம். அவருக்கு வாய்விட்டுச் சொல்லி, கை தட்டிப் பிரித்து, தன் பெயரின் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். பட்டதாரிக்கு அதெல்லாம் நேர விரயம்.

எலக்ட்ரீஷியன் கதை இதற்கு நேர் எதிர். மின்சாரம் என்றால் என்ன என்று அவருக்குப் பக்கம் பக்கமாக விளக்கினால் சலிப்பு மட்டும் வருவதில்லை. தெரிந்தவருக்கு அடிப்படையையே படிப்படியாக விளக்கிக்கொண்டிருந்தால் அவர் கற்பது குறைந்தேபோகும் என்று கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். அவரிடம் ஒரு பழுதைச் சொல்லி "நீங்கள் எங்கே முதலில் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அப்படியே பலகையில் எழுதி, தேர்வுத் தாளில் அதற்கு என்ன பெயர் என்று காட்டுங்கள். பாடம் அங்கிருந்து நகரும்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாளே "நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா" என்று ஒரு படிவம் நீட்டுகிறீர்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். ஹெரால்ட் பேஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் இதற்கான ஆய்வுகளை அலசினார்கள். அந்த வகைக்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிச்சயம் உண்டு. அது இருக்கும் இடம் வேறு: ஏற்கெனவே என்ன தெரியும், எதற்காக வந்தார், கண்ணும் காதும் எப்படி, வகுப்புக்கு வரும்போது உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது. படிவத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள். "இது தெரிந்துவிட்டால் நாளைக்கு என்ன செய்வீர்கள்?" என்ற ஒரு கேள்விக்கு வரும் பதில், பாடத்தை எங்கே தொடங்குவது என்று சொல்லிவிடும்.

காது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயதோடு முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். பேச்சு கேட்கும், ஆனால் ச, ஃப போன்ற ஒலிகள் நழுவிப்போகும். மின்விசிறி இரைச்சலில் இன்னும் மோசம். கத்திப் பேசுவதால் இது சரியாகாது. அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, நிதானமாகப் பேசுங்கள். பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசாதீர்கள்.

யாரையும் முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். வகுப்பு நடுவே ஒருவரைத் தலைகுனிய வைத்தால் அடுத்த வகுப்புக்கு அவர் வர மாட்டார். பலூனும் பொம்மையும் போட்ட குழந்தைகள் புத்தகத்தை நாற்பது வயதுக்காரர் கையில் கொடுக்காதீர்கள். மருந்துச் சீட்டு, பேருந்துப் பலகை, சம்பள ரசீது, படிவம், இவையே நல்ல பாடம். மதிப்பெண்ணை எல்லோர் முன்னாலும் படிக்காதீர்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு முதல் கால் மணி நேரம் மூச்சு விடக் கொடுங்கள், கடினமான பகுதியை வகுப்பின் கடைசியில் வைக்காதீர்கள். ஒருவர் பேசும்போது சரளமாகவும் எழுத்தைப் பார்த்ததும் முற்றிலும் வேறு ஆளாகவும் மாறினால், சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் டிஸ்லெக்சியாவை நினைத்துப் பாருங்கள், சோதிக்கக்கூடியவரிடம் அனுப்புங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். அம்மா போனில் எதையோ தேடித் தடுமாறும்போது கையிலிருந்து வாங்கி நீங்களே அழுத்திக் கொடுத்துவிடாதீர்கள். போன் அவர் கையிலேயே இருக்கட்டும். "இப்ப அடுத்தது எதைத் தொடணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தப்பாகத் தொட்டால் திரும்பி வரும் வழியைக் காட்டுங்கள். வகுப்புக்குப் போகும் நேரத்தில் வீட்டு வேலையை யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள். பெண்கள் பாதியில் நிற்பதற்கு நான் கேட்கும் காரணங்களில் இதுதான் அதிகம், பதிவேட்டில் ஒருபோதும் ஏறாததும் இதுதான்.

மையம் நடத்துகிறவர்களுக்கு: இரண்டு வகுப்பு தொடர்ந்து வராதவரை அந்த வாரமே கூப்பிடுங்கள். "ஏன் வரல?" என்று ஆரம்பித்தால் சாக்குதான் வரும். "உங்களைக் காணோமே, நடத்தின பாடத்தை எடுத்து வச்சிருக்கேன், எப்ப வர வசதிப்படும்?" என்று கேளுங்கள். கண், காது, வீட்டு நிலைமை, வகுப்பு நேரம் இந்த நான்கையும் விசாரித்த பிறகே பதிவேட்டில் காரணம் எழுதுங்கள். அதையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.