தேன் சேர்த்த புதினா உருண்டை: டயட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பல் மருத்துவரின் குறிப்பு

வாய் நாற்றம் என்று வருபவர்களை நான் எடுத்தவுடன் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. பையில் என்ன மிட்டாய் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். முன்பெல்லாம் கடையில் வாங்கிய பெப்பர்மின்ட் வெளியே வரும். இப்போது சின்ன எவர்சில்வர் டப்பா வருகிறது. உள்ளே வீட்டிலேயே காய்ச்சிய தேன் மிட்டாய். "இதுல சர்க்கரையே இல்ல டாக்டர், சுத்தமான தேன் மட்டும்தான்" என்பார்கள். அக்கறையோடு, நேரம் செலவழித்துச் செய்தது என்பது பார்த்தாலே தெரியும். அந்த அக்கறை வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடை மிட்டாயை இவர்கள் ஒதுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருக்கும். 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் சார்பிட்டால் அல்லது மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கும். குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களில் சிலர் எஸ்.சி.டி. (ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட்) என்ற உணவுமுறையைப் பின்பற்றுகிறார்கள். சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்காக வகுத்தது அது. தேனில் இருக்கும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பிரிக்க வேண்டாத ஒற்றைச் சர்க்கரைகள். அவை சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கீழே இருக்கும் கிருமிகளுக்குத் தீனியாகாது என்பது அந்த முறையின் கணக்கு. அதனால் அதில் வெள்ளைச் சர்க்கரைக்கும் ஸ்டார்ச்சுக்கும் சார்பிட்டாலுக்கும் தடை, தேனுக்கு அனுமதி. இவர்கள் வாயில் போட்டுக்கொள்ள ஒரு மிட்டாய் வேண்டுமென்றால் வீட்டில் செய்வதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை.

ஆனால் 'டயட்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான முறைகள் இருக்கின்றன. ஐ.பி.எஸ். என்ற எரிச்சல் குடல் தொந்தரவுக்காக, குடலில் எளிதில் நொதிக்கும் சர்க்கரை வகைகளைக் குறைக்கும் 'ஃபாட்மேப் குறைந்த' உணவில் இருப்பவர்களுக்குத் தேன் ஆகாது, அதில் ஃப்ரக்டோஸ் தூக்கல். ஆச்சரியமாக, அந்த முறையில் கொஞ்சம் வெள்ளைச் சர்க்கரைக்குத் தடை இல்லை. நம் ஊரில் பேலியோ என்ற பெயரில் பலரும் பின்பற்றும் மாவுச்சத்து குறைந்த முறையிலும், கொழுப்பையே முக்கிய உணவாக்கும் கீட்டோவிலும் தேனுக்கு இடமில்லை. உயிரினங்களிடமிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவிலும் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேனைச் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், ஒரு டேபிள்ஸ்பூன் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. யாரோ ஒருவருக்குச் சரியாக இருந்த செய்முறையை வாட்ஸ்அப்பில் வாங்கி அப்படியே செய்வதற்கு முன், உங்கள் உணவுமுறை எது என்று உங்கள் டயட்டீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தேன் அனுமதிக்கப்பட்டவர்தான் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி நான் பேசுவது பல்லைப் பற்றி.

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையைவிட அது ஒரு விதத்தில் பரவாயில்லை என்பதை மறுக்க மாட்டேன். பல்லில் ஒட்டிப் படியும் பசைபோன்ற படலத்தைக் கிருமிகள் உருவாக்குவதற்குச் வெள்ளைச் சர்க்கரையான சுக்ரோஸ்தான் மிகத் தோதானது, தேனில் அது மிகக் குறைவு. ஆனால் அமிலம் சுரக்க அந்தக் கிருமிகளுக்குக் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமே போதும். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் இருக்கும் படலத்தின் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) 5.5க்குக் கீழே இறங்குகிறது. அந்த அளவுக்குக் கீழே எனாமலிலிருந்து கால்சியம் கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைச் சமன்படுத்தி மேலே கொண்டுவர அரை மணி நேரம் வரைகூட ஆகும். ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரியும் வயதானவர்களுக்கு இன்னும் மோசம், வேருக்கு எனாமல் கவசம் கிடையாது, பிஎச் 6ஐத் தாண்டி இருக்கும்போதே அது கரையத் தொடங்கிவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். சாப்பாட்டோடு இரண்டு ஸ்பூன் தேன் சாப்பிட்டால் பல்லுக்கு ஒரே ஒரு அமிலத் தாக்குதல். அதே இரண்டு ஸ்பூன் தேனை ஆறு மிட்டாயாக்கி மணிக்கு ஒன்றாகச் சப்பினால் ஆறு தாக்குதல். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் என்றால், பகல் பொழுதில் மூன்று மணி நேரம் பல் அமிலத்தில் ஊறிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு தேன் என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதுதான் சொத்தையைத் தீர்மானிக்கிறது. நோயாளிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். "தேன் கிருமியைக் கொல்லுமே டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. தேனில் உள்ள ஒரு நொதி தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும் என்பது உண்மைதான். காய்ச்சினால் அந்த நொதி செத்துவிடும், சர்க்கரை அப்படியே இருக்கும்.

மிட்டாய் சப்பும் பழக்கம் உள்ளவர்களின் வாயில் ஒரு அடையாளம் இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கம், ஈறை ஒட்டிய ஓரத்தில், முதலில் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல வெள்ளையாகத் தெரியும். அப்புறம் அது பழுப்பாகும். கருவியின் முனையால் தொட்டால் கெட்டியாகத் தடுக்காமல் லேசாக உள்ளே இறங்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் அதிகமாக இருக்கும், மிட்டாயை எந்தக் கன்னத்தில் ஒதுக்கிவைப்பார்களோ அந்தப் பக்கம். அந்த வெள்ளைக் கோட்டு நிலையில் வந்தால் ஃப்ளோரைடு பூசி நிறுத்திவிடலாம். பழுப்பாகிப் பள்ளம் விழுந்துவிட்டால் அடைத்தாக வேண்டும்.

அதனால், தேனைக் காய்ச்சிக் கெட்டி மிட்டாயாக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. கெட்டி மிட்டாய் பதத்துக்குத் தேனை 150 டிகிரி செல்சியஸ் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஒரு நிமிடம் அசந்தால் கருகிக் கசக்கும். பதம் சரியாக வந்தாலும், தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அன்று சாயங்காலமே பிசுபிசுத்துவிடும், பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது.

நம்மிடம் இதைவிட நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. சூரணத்தைத் தேனில் குழைத்து உருட்டுவார்களே, அந்த முறைதான். அதில் தேன் இனிப்புக்காக இல்லை, பொடியைப் பிடித்துவைக்க மட்டும். நிழலில் நன்றாகக் காயவைத்த புதினா இலையைப் பொடித்து இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள். இலையைக் கையில் நொறுக்கினால் சருகாக உடைய வேண்டும், ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். லேசாக வறுத்துப் பொடித்த சோம்பு ஒரு டேபிள்ஸ்பூன், ஏலக்காய்ப் பொடி ஒரு டீஸ்பூன், கிராம்புப் பொடி இரண்டு சிட்டிகை. எல்லாவற்றையும் வீட்டிலேயே அரைப்பது நல்லது, கடைப் பொடியில் கட்டி பிடிக்காமல் இருக்க ஏதாவது மாவு கலந்திருக்கலாம். அரைத்ததை மெல்லிய துணியில் சலித்தே ஆக வேண்டும். குடல் அழற்சி உள்ளவர்களுக்குச் சோம்பின் நாரும் திப்பியும் தொந்தரவு தரும். நோய் தீவிரமாக இருக்கும்போது இந்த உருண்டையே வேண்டாம்.

சலித்த பொடியில் தேனை அரை அரை டீஸ்பூனாக விட்டுப் பிசையுங்கள். மொத்தம் இரண்டு டீஸ்பூனுக்கு மேல் தேவைப்படாது. முதலில் உதிரியாகத்தான் இருக்கும், அவசரப்பட்டு இன்னும் தேனை ஊற்றாமல் ஐந்து நிமிடம் மூடிவையுங்கள், பொடி தேனை இழுத்துக்கொண்டு தானாகச் சேர்ந்து வரும். கொண்டைக்கடலை அளவில் உருட்டி, தனியாக எடுத்துவைத்த கொஞ்சம் புதினாப் பொடியில் புரட்டி, ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். சுமார் 40 உருண்டை வரும். ஒரு உருண்டையில் கால் கிராமை ஒட்டித்தான் சர்க்கரை இருக்கும். முழுக்கத் தேனில் காய்ச்சிய மூன்று கிராம் மிட்டாயில் இதைப்போலப் பத்து மடங்கு. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்த கையோடு ஒன்று போட்டு, மென்று விழுங்கி, ஒரு மிடறு தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று போதும், அதுவும் சாப்பாட்டை ஒட்டி. கன்னத்தில் ஒதுக்கிவைக்காதீர்கள். படுக்கப்போகும் முன் வேண்டவே வேண்டாம், தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும்.

தேன் வாங்கும் விஷயத்தில் ஒன்று. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களைச் சோதித்தபோது, எல்லாப் பரிசோதனைகளிலும் தேறியவை மூன்றுதான். வழக்கமான சோதனைகளில் சிக்காத சர்க்கரை சிரப் கலப்படம் பற்றி அப்போதுதான் பரவலாகப் பேச்சு எழுந்தது. எஸ்.சி.டி.யில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, அவர் தவிர்க்கிற சிரப்பே தேன் பாட்டிலுக்குள் வந்துவிடலாம். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது இதெல்லாம் இந்தக் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்காது. தேன் எடுப்பவரை நேரடியாகத் தெரிந்து வாங்க முடிந்தால் நல்லது.

வாசனை தூக்கலாக வேண்டும் என்று சிலர் நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு வாங்கிச் சேர்க்கிறார்கள். அது ஏறத்தாழ முழு மென்தால். வீட்டில் அளந்து போடுகிற பொருள் அது இல்லை. கொஞ்சம் கூடினாலும் வாயின் உள்தோல் எரிந்து உரியும். பச்சைக் கற்பூரம் வேண்டவே வேண்டாம், குழந்தைகள் கையில் சிக்கினால் வலிப்பு வரும் அளவுக்கு ஆபத்து. அதிமதுரம் இனிப்பாக இருக்கிறது என்று தினமும் சேர்த்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கிராம்பைக்கூடச் சிட்டிகையோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம், அது மரத்துப்போகச் செய்யும். பல்வலி மட்டுப்பட்டுவிடுகிறது என்று கிராம்பை மென்றே நாளைத் தள்ளி, சொத்தை நரம்பை எட்டியபின் வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் புதினாவையே குறைக்க வேண்டும். அது இரைப்பையின் மேல் வால்வைத் தளர்த்தி, அமிலம் மேலேறுவதைக் கூட்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வர வாய்ப்பு உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த உருண்டை தொண்டையிலும் சிக்கலாம்.

தேன் ஆகாதவர்களுக்கு வெறும் சோம்பும் ஏலக்காயும் போதும். கலர் கலராகச் சர்க்கரை பூசிய சோம்பு இல்லை, சமையலறைச் சோம்பு. உங்கள் உணவுமுறையும் குடலும் இடம் கொடுத்தால், பல்லைப் பொறுத்தவரை சைலிட்டால் என்ற மாற்று இனிப்பில் செய்த மிட்டாய் தேனைவிட எவ்வளவோ மேல். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் எட்டாத உயரத்தில் வையுங்கள், சைலிட்டால் நாய்க்கு விஷம்.

இவ்வளவும் வாசனைக்கு. நாற்றத்தின் வேர் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியில் படியும் படலத்திலும், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலும் இருக்கிறது. அங்கே காற்றுப் படாமல் வாழும் கிருமிகள் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன. ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பக்கம் மெதுவாக வழித்து, சற்றுப் பொறுத்து முகர்ந்து பாருங்கள். அதில் நாற்றம் இருந்தால் உங்களுக்குத் தேவை நாக்கு வழிப்பான். முன்பாதியை மட்டும் வழித்துவிட்டு நிறுத்தாமல் பின்னால் வரை போக வேண்டும். பல்லிடுக்கில் விட்டு எடுத்த ஃப்ளாஸ் நூல் நாறினாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, ஈறைச் சுத்தம் செய்தால்தான் தீரும்.

கீட்டோவிலும் மாவுச்சத்து குறைந்த பேலியோவிலும் வருகிற வாடை வேறு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அது, கொழுப்பு எரியும்போது உண்டாகும் அசிட்டோன் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியே வருகிறது. பல் தேய்த்தாலும் உருண்டை மென்றாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் மறையும். தண்ணீர் நிறையக் குடித்தால் வாய் வறட்சியாவது குறையும். பலருக்குச் சில வாரங்களில் வாடை தானாகத் தணிந்துவிடும்.

ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர் மூச்சில் இதே வாடை வந்து, கூடவே வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, அசதி இருந்தால் அது கீட்டோஅசிடோசிஸாக, அதாவது கொழுப்பு எரிந்து உண்டாகும் கீட்டோன்கள் பெருகி ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலையாக இருக்கலாம். மிட்டாயைத் தேடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தக் கூடாது. இவர்களுக்கு ரத்தச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இந்த நிலை வரலாம். குளுக்கோமீட்டர் சாதாரண எண்ணைக் காட்டுகிறது என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். எடுக்கும் மாத்திரையின் பெயரையும் எந்த டயட்டில் இருக்கிறீர்கள் என்பதையும் போனவுடன் சொல்லி, ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.