‘பதம் வந்ததும் ஊற்ற வேண்டும்’: அந்தப் பதம் எது?

சுவாமிமலைச் சிலைப் பட்டறைகளுக்குப் போய்வரும் வடிவமைப்பு மாணவர்களின் குறிப்பேடுகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் அங்கே முறை. மெழுகுக் கலவையில் தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் சேரும். முதல் பூச்சுக்குக் காவிரி வண்டல். மண் நிழலில்தான் காய வேண்டும். இதெல்லாம் சரியாக எழுதியிருப்பார்கள். அப்புறம் ஒரு வரி வரும்: “உலோகம் பதம் வந்ததும் ஊற்ற வேண்டும்.” அந்தப் பதம் எது என்று கேட்டால் விழிப்பார்கள். ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடத்தில் குறிப்பு நின்றுபோயிருக்கும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் முறை போனபோது, வேலை முடிந்த சாயங்காலம் ஸ்தபதியை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தேன். தாளக் கணக்கு என்ற சிலை அளவு முறை, தென்னை ஓலையை மடித்து அளவெடுப்பது எல்லாம் விளக்கினார். எல்லாம் ஏற்கெனவே புத்தகங்களில் இருப்பவைதான். மறுநாள் என்னையே மெழுகு பிசையச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தி, “தம்பி, விரல்ல ஒட்டுது பாருங்க. இன்னைக்கு வெயிலுக்கு எண்ணெய் ஜாஸ்தி” என்றார். முந்தைய நாள் எண்ணெயின் அளவைக் கேட்டபோது வெயிலைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஒளித்தார் என்று நான் நினைக்கவில்லை. என் கை தவறு செய்தபோதுதான் அது அவர் வாய்க்கு வந்தது.

சொல்ல முடிவதைவிட நாம் அறிந்தது அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி 1966-இல் எழுதினார். அடுப்படியில் கைப்பக்குவம் என்று நாம் சொல்வதும் இதைத்தான்.

அதனால் பேட்டியைக் குறையுங்கள், கூடமாட வேலை செய்யுங்கள். வீடியோ எடுத்தால் முகத்தை விட்டுக் கையை எடுங்கள். அன்றைக்கே அவருக்குப் போட்டுக் காட்டி, “ஐயா, இங்கே ஏன் நிறுத்தினீங்க?” என்று கேளுங்கள். வீணாய்ப்போன வார்ப்புகளைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். மண் கருவை, அதாவது மண் அச்சை, உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள்; அதனால் ஒரு கருவில் ஒரு சிலைதான். உலோகம் விரல் நுனிவரை ஓடாமல் நின்றால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இழப்பை யாரும் மறப்பதில்லை, காரணத்தையும் நுணுக்கமாகச் சொல்வார்கள். வேலை பழகும் பையனிடமும் பேசுங்கள். நேற்றுவரை தெரியாமல் இருந்தது எது என்று அவனுக்கு இன்னும் நினைவிருக்கும்.

இன்னொன்று எனக்கு மிக முக்கியம். நம்பிச் சொன்ன ஒரு கைமுறையை ஒரு மாணவர் கேட்காமலே ஆய்வேட்டில் அச்சிட்டுவிட்டார். அந்தப் பட்டறையில் அதன் பிறகு எங்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவர்கள் கோபம் நியாயமானது. சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊர்ப் பெயரைக் காக்கும். ஒரு குடும்பத்தின் கைமுறையைக் காக்காது. இப்போதெல்லாம் எழுதியதை ஸ்தபதிக்கு வாசித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்பதை அடித்துவிட்டுத்தான் மேலே போகிறோம். தகவல் தந்தவர் என்று எங்கோ மூலையில் போடாமல், அவர் சம்மதித்தால் ஆய்வில் பங்காளியாகவே பெயர் சேர்க்கிறோம்.

போன மாதம் ஒரு மாணவியின் குறிப்பேட்டில் இப்படி இருந்தது: “சுடர் பச்சையாகத் தெரிந்தது. ஐயா இன்னும் ஊற்றவில்லை, காத்திருந்தார். எதற்கென்று புரியவில்லை. நாளைக்கு வீடியோவைக் காட்டிக் கேட்க வேண்டும்.”