"கொஞ்சம் அடக்கி வாசிங்க"

தொலைக்காட்சிச் செய்தி டெஸ்க்கில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். இந்தச் செய்தியைப் போடாதே என்று எழுத்தில் ஓர் உத்தரவு வந்து நான் பார்த்ததே இல்லை. போன் வரும், அதுவும் எங்களுக்கு நேராக வராது, மேலே யாருக்கோ வரும், அவர் டெஸ்க் பக்கம் வந்து "கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

தணிக்கை என்றதும் பலருக்கு நெருக்கடி நிலைதான் நினைவுக்கு வருகிறது. அப்போது வெட்டு வெளிப்படையாக விழுந்தது. மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் கைதானவர்கள் பெயரைப் போட முடியாத நிலையில், 1976 பிப்ரவரி 3 அன்று, அண்ணா நினைவு நாளில் அவர் நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியலாக அந்தப் பெயர்களை திமுக நாளேடான முரசொலி அச்சிட்டது. வாசகருக்குப் புரிந்துவிட்டது. அடக்கி வாசிக்கும்போது அந்த வாய்ப்பும் இல்லை, எதை எடுத்துவிட்டார்கள் என்பதே பார்க்கிறவருக்குத் தெரியாது.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். ஸ்டெர்லைட் தாமிர ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து அ.குமரெட்டியாபுரம் மக்கள் 2018 பிப்ரவரி 12 அன்று உட்கார்ந்தார்கள். மே 22, நூறாவது நாள், ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி, துப்பாக்கிச்சூடு, மொத்தம் 13 பேர் இறந்தார்கள். நூறாவது நாளை எல்லோரும் காட்டினோம். அதற்கு முந்தைய 99 நாட்கள்? எங்கள் நிருபர் அனுப்பாமல் இல்லை, மாவட்டச் செய்திகளில் இருபது நொடி போகும், பல நாள் அதுவும் போகாது. தண்ணீரைப் பற்றி, மூச்சுத் திணறலைப் பற்றி, மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேசிய பைட், அதாவது பேட்டித் துண்டெல்லாம் சர்வரில் கிடந்தது. அதனால் என்ன ஆயிற்று என்றால், சென்னையில் டிவி பார்த்தவருக்கு அந்தப் போராட்டம் தொடங்கியதே தீயும் கல்லுமாகத்தான். ஒரு போராட்டத்தின் காரணத்தைக் காட்டாமல் அதன் கடைசி நாளை மட்டும் காட்டுவதைவிடப் பெரிய தணிக்கை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் வார்த்தைகள். "துப்பாக்கிச்சூடு நடந்தது" என்று எழுதுவோம், மழை பெய்தது என்பதுபோல. சுட்டது யார்? "போலீஸ் சுட்டதில்" என்று திரைக்கு அடியில் ஓட நான் எழுதிய ஸ்க்ரோல் பத்தே நிமிடத்தில் "துப்பாக்கிச்சூட்டில்" என்று மாறியது. மாற்றியவர் கெட்டவர் இல்லை, வீட்டுக் கடன் உள்ளவர், நானும் எதிர்த்துப் பேசவில்லை, அது இன்றுவரை என்னை உறுத்துகிறது. அதேபோல "சமூக விரோதிகள் ஊடுருவல்" என்பதை யார் சொன்னது என்ற குறிப்பே இல்லாமல், நாங்களே கண்டுபிடித்த உண்மைபோலத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வேன் மேல் ஏறித் துப்பாக்கியால் குறி பார்க்கும் காட்சி வெளியே வராமல் போயிருந்தால், அந்த நாளின் கதையே வேறாக இருந்திருக்கும்.

மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் மே 27 வரை இணையத்தை நிறுத்த உத்தரவு. வதந்தியைத் தடுக்க என்றார்கள். ஓ.பி. வேன் எனும் நேரலை வண்டி வைத்திருந்த பெரிய சேனல்கள் சாட்டிலைட் வழியாக அனுப்பின. எங்களுக்கு வேன் இல்லை, அங்கே இருந்தது ஒரே ஒரு ஸ்ட்ரிங்கர், அதாவது பகுதிநேர நிருபர், அவர் மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில், இணையம் இருக்கிற இடம் தேடிச் சாத்தூர் தாண்டிப் போய் விஷுவல் அனுப்பினார். பொதுமக்கள் கையில் இருந்த நூற்றுக்கணக்கான செல்போன் வீடியோக்களுக்கு அந்த வழியும் இல்லை. இணையம் இல்லாத ஊரில் வதந்தி நிற்காது, வாய் வழியாக இன்னும் வேகமாகப் போகும். அதைப் பொய் என்று காட்டுகிற படம்தான் நின்றுபோகும்.

அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, நடந்ததைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட துப்பாக்கிச்சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை அது சரியல்ல, அதிகாரிகள் அவருக்கு அவ்வப்போது தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்றது. அறிக்கை வந்த அன்று எனக்கு முதலில் தோன்றியது, இந்த நான்கு வருடத்தில் நாங்கள் ஏன் இதைத் தோண்டவில்லை என்பதுதான்.

பயம் எப்படி ஊறுகிறது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். அதே 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை சேனல் நடத்திய வட்டமேசை விவாதத்தில் விருந்தினர் பேசிய பேச்சுக்காகச் சேனல் மீதே போலீஸ் வழக்கு போட்டது. வழக்கு ஒரு சேனல் மீது. ஆனால் மறுநாளிலிருந்து எல்லா டெஸ்க்கிலும் விவாதத்துக்கு யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிட வேண்டாம் என்று ஒரு பட்டியல் தானாக உருவாகிவிட்டது, யாரும் சொல்லாமலே.

சரி, பார்க்கிறவர் என்ன செய்யலாம்? போராட்டச் செய்தி வந்தால் முதலில் தேடுங்கள், போராடுகிறவர் யாராவது பேசியிருக்கிறாரா, எதற்காகப் போராடுகிறார் என்று ஒரு வரியாவது இருக்கிறதா. "வன்முறை வெடித்தது" என்று இருந்தால் யார் முதலில் என்ன செய்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். உங்கள் ஊரில் இணையம் நிறுத்தப்பட்டால் உத்தரவு நகலைக் கேளுங்கள், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நீங்களே வீடியோ எடுத்திருந்தால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பொதுவில் போடும்போது மட்டும் கூட்டத்தில் இருப்பவர்களின் முகத்தை மறையுங்கள், நாம் ஆதரவாகப் போடுகிற படத்தை வைத்தே ஆளை அடையாளம் பார்த்து வழக்கு போட முடியும்.

சாத்தூர் தாண்டிப் போன ஸ்ட்ரிங்கர் அனுப்பியது இருபத்திரண்டு நிமிட விஷுவல். நாங்கள் ஒளிபரப்பியது நாற்பது நொடி. முழுக் கார்டையும் அவர் பத்திரமாக வைத்திருந்து, பிறகு ஆணையத்தில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.