50 வயதானால் தபாலில் வரும் மலப் பரிசோதனைக் கிட்: எறிந்துவிடாதீர்கள்

இங்கிலாந்தில் வசிக்கும் 50 முதல் 74 வயது வரையான எல்லோருக்கும், ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) பதிந்திருந்தால் போதும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். ஒரு பரிசோதனைக் கிட்டைத் தபாலில் அனுப்புகிறது. பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிப்பதற்கானது இது. காசு கட்டத் தேவையில்லை, விண்ணப்பமும் இல்லை. முதலில் ஒரு கடிதம் வரும், அப்புறம் கிட் வரும். மலத்தைத் தபாலில் அனுப்புவதா என்ற கூச்சத்தில் பலர் அதைப் பிரிப்பதே இல்லை. “எனக்குத்தான் ஒரு வருத்தமும் இல்லையே” என்பார்கள் சிலர். ஒரு வருத்தமும் தெரியாதவர்களுக்காகத்தான் இந்தக் கிட்டே.

குடலின் உட்சுவரில் பொலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் வரலாம். எல்லாம் புற்றுநோயாக மாறுவதில்லை. மாறுபவை பல வருடங்கள் எடுத்து மெல்ல மாறும். இடையில் சில நேரம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியும். அதைத்தான் ஆய்வுகூடத்தில் தேடுகிறார்கள். பொலிப்பாக இருக்கும்போதே அகற்றிவிட்டால் அது புற்றுநோயாகும் வழியே அடைபடுகிறது. புற்றுநோயாகவே இருந்தாலும், முதல் நிலையில் பிடிபட்டவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள்.

செய்வது சுலபம். கிட்டில் ஒரு சின்னப் போத்தல், அதன் மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி. மலம் டொய்லட் தண்ணீரில் படாதபடி ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பெட்டியிலோ மடித்த டொய்லட் பேப்பரிலோ ஏந்திக்கொள்ளுங்கள். குச்சியின் நுனியில் உள்ள கோடுகள் மறையும் அளவுக்கு மட்டும் மலத்தில் உரசி, திரும்பப் போத்தலுக்குள் விட்டு இறுக மூடுங்கள். அள்ளி நிரப்பக் கூடாது. போத்தலில் அன்றைய திகதியை எழுத மறக்காதீர்கள். முத்திரை தேவையில்லாத உறை கூடவே வரும். உடனே தபாலில் போட்டுவிடுங்கள். 2019 வரை இருந்த பழைய முறையில் மூன்று தடவை மலம் எடுக்கவேண்டும். இப்போது ஒரு தடவை போதும்.

இரண்டு வாரமளவில் முடிவு வரும். பெரும்பாலானோருக்கு மேற்கொண்டு எதுவும் தேவைப்படாது. மேலதிக பரிசோதனை என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மூலத்தாலும் இரத்தம் வரும். முதலில் ஒரு தாதி உங்களோடு பேசுவார். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அடுத்தது கொலனோஸ்கோபி, அதாவது மெல்லிய குழாயில் உள்ள கமெராவால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது. ஆங்கிலம் சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அதற்கும் காசில்லை. கூச்சத்தில் பிள்ளையை நடுவில் வைத்துப் பாதியைச் சொல்லாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மலத்தில் இரத்தம், வழமைக்கு மாறாக வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், காரணமில்லாமல் உடல் மெலிவது, வயிற்றில் கட்டி: இப்படி ஏதாவது இருந்தால் எந்த வயதானாலும் கிட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே ஜிபியிடம் போங்கள். போன முறை முடிவு நன்றாக வந்திருந்தாலும் அப்படித்தான். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் ஜிபியிடம் சொல்லுங்கள்.

வீடு மாறியவர்களுக்குக் கிட் பழைய விலாசத்துக்கே போகும், ஆகவே ஜிபியிடம் விலாசத்தை மாற்றுங்கள். ஜிபியிடம் பதிய விசா நிலை தடையில்லை. 75 வயதும் அதற்கு மேலும் என்றால் கிட் தானாக வராது. 0800 707 60 60 என்ற இலவச இலக்கத்தை அழைத்துக் கேட்டால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அனுப்புவார்கள். கிட் தொலைந்துபோனாலும் இதே இலக்கம்தான்.