கம்பளி எப்படிச் சடையாகிறது?

தலையிலிருந்து உதிர்ந்த நீளமான முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முடியின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். விரல்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் நகர்கின்றன. முடி மட்டும் ஒரே பக்கமாக ஊர்ந்து போகும். முடியைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்தால் எதிர்ப் பக்கம் போகும். எப்படிப் பிடித்தாலும் வேர் இருந்த முனைதான் முன்னால் போகிறது.

கம்பளியில் சடை உருட்டக் கற்றுக்கொள்கிறவர் முதலில் இந்த வேடிக்கையைச் செய்து பார்ப்பது நல்லது. அப்புறம் வரும் சந்தேகங்களில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

சொந்த முடியைச் சிக்காக்கிக்கொள்ளாமல் சடைமுடி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், கம்பளியில் உருட்டிய சடைகளைத் தங்கள் முடியோடு சேர்த்துப் பின்னிக்கொள்கிறார்கள். போதும் என்று தோன்றினால் பிரித்து எடுத்துவிடலாம். இந்தச் சடையில் நூல் கிடையாது, பசை கிடையாது, முடிச்சும் கிடையாது. வெந்நீர், கொஞ்சம் சோப்பு, இரண்டு கை, அவ்வளவுதான். ஆனால் உருட்டி முடித்த சடையை யாராலும் மறுபடி பஞ்சாகப் பிரிக்க முடியாது.

காரணம் இழையின் மேல்தோலில் இருக்கிறது. கம்பளியும் நம் தலைமுடியும் கெரட்டின் என்ற ஒரே புரதக் குடும்பம். இரண்டின் மேலும் ஓடு வேய்ந்த கூரைபோலச் செதில்கள் அடுக்கியிருக்கும். செதில்களின் விளிம்பு எப்போதும் நுனியைப் பார்த்தே இருக்கும். அதனால் இழை வேர்ப்பக்கமாக நகர்ந்தால் வழுக்கும், நுனிப்பக்கமாக நகர முயன்றால் செதில் மாட்டும். சொரசொரப்பான புல் கதிரைச் சட்டைக் கைக்குள் செருகிவிட்டு நடந்தால், அது தானாக ஏறித் தோள்வரை போய்விடும் அல்லவா, அதே கதைதான். இப்படிக் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகி உருவாகும் கெட்டித் துணிக்கு ஃபெல்ட் என்று பெயர், தொப்பி செய்வது இதில்தான். ஃபெல்ட் உருவாவதற்கு இந்தச் செதில் அமைப்பே காரணம் என்று 1790இலேயே எழுதியவர் காஸ்பார் மோன்ஜ். வரைகணிதத்துக்குப் பெயர்போன பிரெஞ்சுக் கணித அறிஞர் தொப்பித் துணியை ஆராய்ந்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த தகவல்.

அப்படியானால் தலைமுடியும் ஏன் இவ்வளவு சுலபமாக ஃபெல்ட் ஆவதில்லை? நம் முடி பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் தடிமன். மெரினோ ஆட்டின் நல்ல கம்பளி 20 மைக்ரானை ஒட்டியது. மெல்லிய இழை சுலபமாக வளையும், சந்துபொந்தெல்லாம் நுழையும். நம் முடியில் செதில்கள் பல அடுக்காக நெருக்கமாகப் படிந்து, விளிம்பு அதிகம் துருத்தாமல் இருக்கும். கம்பளியில் அடுக்கு குறைவு, விளிம்பு எடுப்பாகத் தெரியும். போதாக்குறைக்கு, கம்பளி இழை இயல்பிலேயே சுருள்சுருளானது.

சரி, ஆடு மழையில் நனைகிறதே, அதன் முதுகிலேயே ஃபெல்ட் ஆகிவிடாதா? பெரும்பாலும் ஆகாது. ஆட்டின் மேல் எல்லா இழையும் ஒரே பக்கம் வேர்விட்டு நிற்கின்றன, செதில்கள் ஒரே திசையைப் பார்க்கின்றன. மேலே கம்பளிக் கொழுப்பும் பூசியிருக்கிறது. வெட்டி, கழுவி, சீவி நாடாவாக்கும்போது இந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது. கொஞ்சம் இழைகள் வேரை இந்தப் பக்கமும் மற்றவை அந்தப் பக்கமும் வைத்துப் படுக்கின்றன. இப்போது பிசைந்தால் ஒவ்வொன்றும் தன் வேர்ப்பக்கம் ஊர்கிறது. எதிரும் புதிருமாகப் போகும் ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றையொன்று சுற்றி, இழுத்து, இறுகுகின்றன. பின்னால் வரவோ செதில் விடாது. அதனால் இதை ஒருவழிச் சிக்கு என்று சொல்வது எனக்குப் பிடிக்கும்.

தண்ணீருக்கும் சோப்புக்கும் இதில் என்ன வேலை? கம்பளி இழையின் மேற்பரப்பில் மெல்லிய கொழுப்புப் படலம் இருப்பதால், வெறும் தண்ணீர் முதலில் உருண்டு ஓடப் பார்க்கும். சோப்பு அந்த முரண்டை அடக்கி நீரை உள்ளே விடுகிறது. நனைந்த இழை உப்பி, இளகுகிறது. நன்றாக இழுபடுகிறது, விட்டதும் ரப்பர்போலத் திரும்புகிறது. இழுபட்டுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னேறும். சூடு இதை வேகப்படுத்துகிறது. கை தாங்கும் சூடே போதும், கொதிநீர் தேவையில்லை. சோப்பை அள்ளிப் போட்டால் காரியம் கெடும். நுரை மெத்தைபோல நடுவில் நின்று இழைகளைப் பிரித்தே வைக்கும், சடை கையில் வழுக்கிக்கொண்டே இருக்கும். உள்ளங்கை வழவழவென்று இருக்க வேண்டும், நுரை பொங்கக் கூடாது. அதுதான் அளவு.

எந்தக் கம்பளி வேண்டும் என்றால், சீவி நாடாவாக்கி நூற்காமல் விட்ட ரோவிங். பொட்டலத்தில் சூப்பர்வாஷ் என்றோ மெஷினில் துவைக்கலாம் என்றோ இருந்தால் தொடாதீர்கள். அந்தக் கம்பளியின் செதில் விளிம்புகளைக் குளோரினால் தேய்த்து, பெரும்பாலும் மேலே மெல்லிய பிசின் பூச்சும் கொடுத்திருப்பார்கள். சுருங்கக் கூடாது என்பதற்காகவே செய்த வேலை அது. இது தெரியாமல் நான் ஒரு மணி நேரம் உருட்டியிருக்கிறேன். கடைசியில் என் கையில் இருந்தது நனைந்த பஞ்சு. அக்ரிலிக், பருத்தி இரண்டும் இப்படி ஃபெல்ட் ஆகாது, செதிலே கிடையாது.

நாடாவைக் கத்தரியால் வெட்டாதீர்கள். வெட்டிய முனை மொட்டையாக நிற்கும், கடைசிவரை மறையாது. இரண்டு கையையும் ஒரு சாண் இடைவெளியில் பிடித்து மெதுவாக இழுத்தால் நாடா தானாகப் பிரிந்து வரும், முனையும் மெலிந்து வரும். கைகளை நெருக்கமாகப் பிடித்தால் எவ்வளவு முக்கினாலும் வராது, ஏனென்றால் ஒரே இழையின் இரண்டு முனையையும் நீங்களே பிடித்திருப்பீர்கள். மெரினோ இழையின் நீளம் பெரும்பாலும் 6 முதல் 10 சென்டிமீட்டர். அதைவிட அகலமாகப் பிடித்தால்தான் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்.

பிரித்த கீற்றைக் காய்ந்த கையாலேயே ஒருமுறை முழுக்க உருட்டித் தளர்வான திரியாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் சோப்பு நீரில் நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவிலோ, மூங்கில் பாயின் மேலோ, குமிழ்த் தாளின் மேலோ உருட்டலாம்.

புதிதாகச் செய்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கினேன். சீக்கிரம் இறுகட்டும் என்று ஆரம்பத்திலேயே அழுத்தி உருட்டினேன். திரி தட்டையாகி, மடிந்து, மடிந்த இடம் முதுகெலும்புபோல மேடாக நின்றுவிட்டது. வெளியே தோல்போல இறுகல், நறுக்கிப் பார்த்தால் உள்ளே வெறும் பஞ்சு. அழுத்தம் முதலில் எட்டுவது வெளி இழைகளை. அவை முந்திக்கொண்டு பூட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவை ஊர்ந்து வந்து சேர வழி இல்லாமல் போகிறது. அதனால் முதல் சில நிமிடம் கை சோம்பேறியாக இருக்க வேண்டும். திரியின் எடையைத் தவிர வேறு அழுத்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டு, பட்டும் படாமலும் உருட்டுங்கள். தளதளவென்று இருந்தது மெல்ல உருண்டையாகி, மேலே லேசான தோல் கட்டுவதை விரல் உணரும். அப்போதிலிருந்து அழுத்தத்தைக் கூட்டலாம். கடைசியில் பலம் முழுவதையும் காட்டலாம், ஒன்றும் ஆகாது.

முடிந்ததா என்று பார்க்க, மேற்பரப்பை நகத்தால் கிள்ளித் தூக்குங்கள். தனி இழைகள் எழுந்து வந்தால் இன்னும் உருட்ட வேண்டும். சடையே சேர்ந்து எழுந்தால் போதும். முனை மட்டும் பிரிந்து நின்றால், முள்வெட்டு உள்ள ஃபெல்ட் ஊசியால் காய்ந்த பிறகு குத்திச் சரிசெய்யலாம். ஊசியைச் சாய்க்காமல் நேராகக் குத்தி நேராக எடுக்க வேண்டும், இல்லையென்றால் உடையும்.

இரட்டை முனைச் சடை, அதாவது நடுவில் மடித்து இரண்டு முனையும் தொங்கும்படி மாட்டுவது என்றால், நடுவில் நாலைந்து விரற்கடை அகலத்தை அதிகம் இறுக்காமல் விடுங்கள். மாட்டும்போது அந்த இடத்தில்தான் மடித்து, ஒரு கொத்து முடியின் அடியில் வைத்து, முடியோடு சேர்த்துப் பின்னுகிறோம். இரும்புபோல இறுகிய சடை மடியாது, தலையில் கொம்பு மாதிரி நிற்கும்.

உருட்டியதும் சோப்புப் போக அலசி, கடைசித் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விடுங்கள். சோப்பு விட்டுப்போன காரம் கம்பளிக்கு ஆகாது, லேசான அமிலம் ஆகும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அமுக்கி, கொடியில் தொங்கவிடுங்கள். வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் நம்ப வேண்டாம். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை ஆவியாக உறிஞ்சிக்கொண்டபோதும் கம்பளி ஈரமாகத் தெரியாது. தடித்த சடை உள்வரை காய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். தலையில் பின்னிய பிறகும் இதை மறக்கக் கூடாது. குளித்ததும் எல்லாச் சடையும் சேர்ந்து கனக்கும், அந்தக் கனம் முழுவதும் வேர்க்கால்களில் இழுக்கும். ஒரு கொத்தில் கொஞ்சம் முடியை மட்டும் எடுத்துப் பெரிய சடையைத் தொங்கவிடாதீர்கள். நெற்றி ஓரத்து மெல்லிய முடியை விட்டுவிடுவது நல்லது.

நீளக் கணக்குக்கு முதல் சடையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். உருட்டுவதற்கு முன்னும் காய்ந்த பின்னும் அளந்து எழுதிவைத்தால், அந்தக் கம்பளி உங்கள் கையில் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்துவிடும். மற்ற சடைகளுக்கான கீற்றை அதற்கேற்ற நீளத்தில் பிரிக்கலாம். செதில்கள் அதோடு ஓய்ந்துவிடுவதும் இல்லை. கழற்றி வெந்நீரில் கசக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஊரும். நான் உருப்படியாக உருட்டிய முதல் சடை, அன்று எழுதிவைத்த அளவைவிட இப்போது இரண்டு விரற்கடை குட்டை.