ஆவாரைக்குப் பாசம் காட்டி வேரை அழுக விடாதீர்கள்

தோட்டம் அமைத்துத் தருவது என் தொழில். வெயில் காயும் இடம் எங்கே இருந்தாலும் ஆவாரை வைக்கச் சொல்வேன். கொஞ்ச நாள் கழித்து, "தினமும் தண்ணி ஊத்துறேன், செடி வாடுதே" என்று போன் வரும். கோளாறு அந்தத் 'தினமும்' என்பதில்தான். ரோஜாவுக்கு ஓடும் சொட்டுநீர்க் குழாயே ஆவாரைக்கும் ஓடும். தோண்டிப் பார்த்தால் வேர் கறுத்து, தோல் கையோடு உரிந்து வரும். வேர் அழுகினாலும் இலை வாடத்தான் செய்யும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம்.

ஆவாரை இந்தியா, இலங்கையின் வறண்ட நிலத்துச் செடி. ஆணிவேர் ஆழமாக இறங்கும். வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். விதையாகவே போடுங்கள். விதைத்தோல் கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்து, ஊறிப் பருத்ததை மட்டும் விதைக்கலாம். களிமண் என்றால் மண்ணை மேடாக்கிக் கொள்ளுங்கள். முதல் வருடம் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஆழமாக நனையும்படி ஒரு தண்ணீர். அப்புறம் மழையே போதும். உரம் தேவையில்லை.

நர்சரியில் மஞ்சள் பூ பூக்கும் வேறு செடிகளையும் ஆவாரை என்று தருவதுண்டு. இலைக்காம்பின் அடியைப் பாருங்கள்: காதுமடல் போல அகன்ற இரண்டு சிற்றிலைகள் இருந்தால் ஆவாரைதான்.

பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் நுனியில் மட்டும் துளையுள்ள மகரந்தப்பைக்குள் அடைபட்டிருக்கும். கருப்பாகப் பெரிதாக வரும் தச்சுத்தேனீ பூவைக் கவ்விக்கொண்டு 'விர்ர்' என்று அதிர, தூள் அதன் வயிற்றில் கொட்டும். பயந்து விரட்டாதீர்கள், அது பட்டமரத்தில் துளையிட்டு வாழ்வது. ஓரமாக ஒரு காய்ந்த கட்டையை விட்டுவையுங்கள்.

இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்கவே வேண்டாம். வெளிர்பச்சையாகப் பறக்கும் பட்டாம்பூச்சி இட்ட முட்டையில் வந்தவை அவை. மொட்டையானாலும் திடமான செடி திரும்பத் தளிர்க்கும்.

பூப்பது கிளை நுனியில் என்பதால், பூ ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். விதைக்கென்று சில காய்களை மட்டும் செடியிலேயே காயவிட்டால் போதும்.